ஒன்பதாம் இடம் கற்பிப்பது

மைசூரு நகரில் இந்திய விமானப் படையின் தேர்வு வாரியம் ஒன்று இயங்கி வருகிறது. டேராடூன், வாராணசி, காந்திநகர் முதலிய இடங்களில் உள்ள வாரியங்களைப் போலவே இங்கும் அதிகாரிப் பணியை விரும்பும் இளைஞர்களும் இளம்பெண்களும் அழைக்கப்பெற்றுச் சோதிக்கப்படுகின்றனர். தமிழகத்திலிருந்தும் பலர் இங்கு வருகின்றனர். பெரும்பாலானோருக்கு எழுத்துத் தேர்வில் வெற்றி பெற்ற பிறகே இந்த அழைப்பு கிடைக்கிறது. ஆதலால் வீட்டாரின் வாழ்த்து, நண்பர்களின் எதிர்பார்ப்பு, ஊரின் பெருமிதம் ஆகிய அனைத்தையும் சுமந்துகொண்டே ஒவ்வொருவரும் மைசூரு ரயில் நிலையத்தில் வந்து இறங்குகின்றனர்.

முதல் நாளில் அறிவுக்கூர்மைத் தேர்வு நடைபெறுகிறது. தொடர்ந்து, ஒரு படத்தைச் சிறிது நேரம் காட்டி, அதைப் பற்றிக் கதை எழுதச் சொல்லிக் குழுவாக விவாதிக்கச் செய்கின்றனர். இதில் தேறாதவர்கள் வந்த அன்றே பெட்டியுடன் திரும்ப வேண்டும். தேறியவர்கள் மேலும் சில நாட்கள் தங்கி உளவியல் தேர்வுகள், குழுப் பணிகள், நேர்காணல் ஆகியவற்றை எதிர்கொள்கின்றனர். இறுதி நாளில் வாரியம் முழுவதும் கூடி ஒவ்வொருவரையும் அழைத்துப் பேசுகிறது. பிறகு, பரிந்துரை பெற்றவர்களின் எண்கள் மட்டும் வாசிக்கப்படுகின்றன. பெரும்பாலானோரின் எண்கள் வாசிக்கப்படுவதில்லை.

இன்னொரு செய்தியும் கவனத்திற்குரியது. ஒரு வகைப் பணிக்கு முதன்முறையாக வருபவருக்கே பயணப்படி வழங்கப்படுகிறது. மீண்டும் முயல்பவர் சொந்தச் செலவில்தான் வர வேண்டும். எளிய குடும்பத்தில் பிறந்த ஓர் இளைஞனுக்கு இரண்டாம் முயற்சி என்பது மனவலிமையை மட்டுமின்றித் தந்தையின் சட்டைப்பையையும் சோதிப்பதாகிறது.

வங்கி, பள்ளி, தொழிற்சாலை, கணினி நிறுவனம் என்று எங்கு நேர்காணலுக்குச் சென்று தோற்றவராயினும் இந்த இளைஞனின் நிலையை எளிதில் உணர்வார். ஒரு நேர்காணல் சரியாக அமையாதபோது மனத்தை மீட்பது எப்படி? அடுத்த நேர்காணலுக்குத் தகுதியாவது எப்படி? இவ்விரு கேள்விகளும் தனித்தனியானவை. முதல் கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதற்குச் செல்வது அடித்தளமின்றிச் சுவர் எழுப்புவதாகும்.

வாரியம் எதை அளக்கிறது?

தெரிந்து தெளிதல் என்பது திருக்குறளின் 51-ஆம் அதிகாரம். ஒருவரை ஆராய்ந்து பணிக்கு ஏற்பது எவ்வாறு என்பதே அதன் பொருள். தேர்வுக்குச் செல்பவர் கற்க வேண்டிய பகுதியாக அதைப் பலர் கருதுவதில்லை. தேர்ந்தெடுக்கும் அரசனுக்குரியது என்று விட்டுவிடுகின்றனர். ஆனால் எதிரில் அமர்ந்திருப்பவர் எதைத் தேடுகிறார் என்று அறிவது தேர்வுக்குச் செல்பவருக்கே மிகவும் பயன்படும். ஒருவரின் குணங்களையும் குற்றங்களையும் ஒருசேர ஆராய்ந்து, எது மிகுதியோ அதைக் கொண்டே அவரை மதிக்க வேண்டும் என்கிறார் வள்ளுவர். அரிய நூல்களைக் கற்றுக் குற்றமற்று விளங்குபவரிடத்தும் நுணுகிப் பார்த்தால் அறியாமை சிறிதும் இல்லாதிருப்பது அரிது என்றும் அவர் கூறுகிறார். அதாவது, குறையே இல்லாதவரை எந்த வாரியமும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு கேள்விக்கு விடை தெரியாமற்போனதாலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று நடுங்குபவர் இதை நினைவிற்கொள்ள வேண்டும்.

படைத் தேர்வு வாரியங்களில் மனம், வாக்கு, செயல் என்னும் மூன்றையும் மூன்று பேர் ஆராய்வதாகக் கூறும் வழக்கம் உண்டு. உளவியல் அறிஞர் எழுத்துத் தேர்வுகளின் வாயிலாக மனத்தைப் பார்க்கிறார்; நேர்காணும் அதிகாரி பேச்சை ஆராய்கிறார்; குழுப் பணிகளை நடத்தும் அதிகாரி செயலைக் கவனிக்கிறார். இறுதி நாளில் மூவரின் முடிவுகளும் ஒன்றாக வைத்துப் பார்க்கப்படுகின்றன. எழுதும் கதைகளில் எல்லாம் வீர நாயகனைப் படைத்த ஒருவர், களத்தில் மரப்பலகையைத் தூக்க வேண்டிய நேரத்தில் பின்வரிசையில் நின்றால், அந்த இடைவெளி வெளிப்பட்டுவிடும். உளவியல் தேர்வு ஒன்றில் 60 சொற்கள் ஒவ்வொன்றாகக் காட்டப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் 15 விநாடிகளுக்குள் மனத்தில் தோன்றுவதை எழுத வேண்டும். மனப்பாடம் செய்த விடைகள் அந்த வேகத்தில் நெடுநேரம் தாக்குப்பிடிப்பதில்லை.

திரிகரண சுத்தி என்று நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம் இங்கே தேர்வு முறையாகவே நிற்கிறது. மூன்றும் ஒன்றாக இருப்பவர் எல்லாத் தேர்விலும் வெல்வார் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் தம்மை மறைப்பதில் ஆற்றலை வீணாக்க மாட்டார். கேள்வியைக் கேட்பதற்கும் சிந்திப்பதற்கும் அவரிடம் ஆற்றல் எஞ்சியிருக்கும்.

எட்டுப் பேரும் ஒன்பதாமவரும்

1950-களின் இறுதியில் இத்தகைய வாரியம் ஒன்றிலிருந்து தோற்றுத் திரும்பிய தமிழ் இளைஞர் ஒருவரின் வாழ்க்கை இங்கு நல்ல பாடமாக அமைகிறது. அவர் 1931-ஆம் ஆண்டு இராமேஸ்வரத்தில் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் பயிலச் சேர்க்கைக் கட்டணமாகச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவரது சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். விமானம் ஓட்ட வேண்டும் என்பது கலாமின் நெடுநாள் கனவு. படிப்பும் பயிற்சியும் முடிந்தபோது இரண்டு வாய்ப்புகள் ஒரே சமயத்தில் வந்தன. ஒன்று டெல்லியில், பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்ககத்தில். மற்றொன்று டேராடூனில், விமானப் படையில்.

டெல்லி நேர்காணல் சாதாரணமாகவே முடிந்தது. டேராடூன் தேர்வில் படிப்பறிவைவிட ஆளுமைக்கே முக்கியத்துவம் இருந்ததாக அவர் தம் சுயசரிதையில் எழுதுகிறார். உறுதி இருந்தது, கூடவே பதற்றமும் இருந்தது. 25 பேரில் 8 பேரைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தேர்வில் அவருக்குக் கிடைத்தது ஒன்பதாம் இடம்.

இந்த எண்ணைச் சற்று ஆராய வேண்டும். எட்டாம் இடத்தைப் பெற்றவருக்கும் ஒன்பதாம் இடத்தைப் பெற்றவருக்கும் இடையே தகுதியில் இருந்த வேறுபாடு மிகச் சிறியதாக இருந்திருக்கலாம். ஆனால் விளைவில் இருந்த வேறுபாடு முழுமையானது. ஒருவர் அதிகாரியானார்; மற்றவர் வெளியேறினார். கோட்டை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே இழுத்தது அன்றிருந்த இடங்களின் எண்ணிக்கை. விளைவு முழுமையானதாக இருப்பதால் தகுதியின்மையும் முழுமையானது என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. நேர்காணலில் தோற்றவரை வாட்டும் துயரத்தின் பெரும்பகுதி இந்தத் தவறான அனுமானத்திலிருந்தே பிறக்கிறது.

கலாம் துயரப்படாதவராக இருக்கவில்லை. நெடுநாள் கனவு கைநழுவியதை உணர்வதற்கே அவருக்குச் சிறிது காலம் தேவைப்பட்டது. அவர் ரிஷிகேசம் சென்றார், கங்கையில் நீராடினார், சுவாமி சிவானந்தரின் ஆசிரமத்தை அடைந்து தம் தோல்வியை மறைக்காமல் கூறினார். நடந்ததை ஏற்றுக்கொண்டு, தாம் எதற்காகப் பிறந்தோம் என்பதைத் தேடிச் செல்லுமாறு சுவாமிகள் அறிவுறுத்தினார். அங்கிருந்து கலாம் டெல்லி திரும்பினார். நியமனக் கடிதம் அங்கே காத்திருந்தது. 1958-ஆம் ஆண்டு, மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் முதுநிலை அறிவியல் உதவியாளராக அவர் பணியில் சேர்ந்தார்.

அவர் செய்தவற்றின் வரிசை சிந்திக்கத்தக்கது. வருத்தத்தை மறுக்கவில்லை, அதை நம்பத்தகுந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னார், அறிவுரையைக் கேட்டார், அதன்பின் கையில் கிடைத்த பணியைக் குறைவாக எண்ணாமல் ஏற்றார்.

முதல் சில நாட்கள்

தோல்வி நேர்ந்த உடனே இரண்டு எண்ணங்கள் மனத்தைப் பற்ற முயல்கின்றன. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்பது ஒன்று. ‘அவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள், எல்லாம் வெறும் நாடகம்’ என்பது மற்றொன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இவை எதிரெதிரானவை. உண்மையில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ஆராய்ச்சியின் கதவை அடைத்துவிடுகின்றன. எதற்கும் உதவாதவனுக்குத் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை. நாடகத்தில் அகப்பட்டவனுக்கும் திருத்திக்கொள்ள ஒன்றுமில்லை. சில இடங்களில் அநீதி நடப்பதும் உண்டு என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதற்குச் சான்று இருக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொள்வது விவேகம்.

துன்பம் வரும்போது அதைக் கண்டு நகைக்கச் சொல்லும் வள்ளுவர், இடுக்கண் அழியாமை என்று 63-ஆம் அதிகாரத்திற்குப் பெயர் சூட்டியுள்ளார். இடுக்கண் வாராமை என்று அவர் பெயரிடவில்லை. துன்பம் வரும், அதனால் ஒருவர் அழிந்துவிடாதிருப்பதே பயில வேண்டியது.

இதற்கு எளிய சாதனம் ஒன்று உண்டு. அது எழுதுவது. அமெரிக்க உளவியல் அறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் உடன் பணியாற்றியவர்களும் 1994-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். எதிர்பாராமல் வேலை இழந்தவர்களுள் ஒரு பகுதியினர், அந்த இழப்பைப் பற்றித் தம் உள்ளத்தில் இருந்ததை ஒளிக்காமல் நாள்தோறும் சிறிது நேரம் சில நாட்கள் எழுதினர். எழுதாதவர்களைவிடவும், வேறு சாதாரணச் செய்திகளை எழுதியவர்களைவிடவும், அவர்களுள் அதிகமானோர் அடுத்த சில மாதங்களில் வேலை பெற்றனர். அவர்கள் அதிகமான விண்ணப்பங்களை அனுப்பினார்கள் என்பதில்லை. உள்ளே தேங்கியிருந்த கோபமும் அவமானமும் தாளில் இறங்கியதால், அடுத்த நேர்காணலில் அமர்ந்தபோது அவர்கள் முந்தைய காயத்துடன் பேசவில்லை என்று கருத இடமிருக்கிறது.

ஆகவே முதல் சில நாட்களுக்குரிய ஒழுங்கு இது: நேரத்திற்கு உண்பது, உறங்குவது, நடப்பது, மனத்தில் உள்ளதை எழுதுவது, பெரிய முடிவு எதையும் எடுக்காதிருப்பது. ‘இனி எந்த நேர்காணலுக்கும் செல்ல மாட்டேன்’ என்னும் சபதமும் பெரிய முடிவுதான். துயரம் மிகுந்து பல வாரங்களாகியும் உறக்கமோ உணவோ சீரடையாவிட்டால், உயிரின்மீதே வெறுப்புத் தோன்றினால், மருத்துவரை நாடத் தயங்கலாகாது. காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் இழுக்கில்லை என்றால் இதிலும் இல்லை.

வால்வைத் தேடுதல்

மனம் ஓரளவு அடங்கிய பிறகே ஆராய்ச்சி தொடங்க வேண்டும். எப்படி ஆராய்வது என்பதற்கும் கலாமின் வாழ்விலேயே சான்று கிடைக்கிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று, அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ஏவுகணை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டுச் சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு கடலில் மூழ்கியது. அதன் பின் கூடிய ஆய்வுக் குழுவினர், ஏவுகணை செய்யத் தெரியாதவர்கள் நாங்கள் என்று புலம்பிக் கலையவில்லை. பதிவான செய்திகள் அனைத்தையும் விநாடி விநாடியாகப் பார்த்தனர். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு செயல்படவில்லை என்று கண்டனர். ஏன் செயல்படவில்லை? அதற்குத் தேவையான அமிலம் ஏவுதலுக்கு முன்பே கசிந்துவிட்டது. ஏன் கசிந்தது? ஒரு வால்வு மூடாமல் நின்றுவிட்டது. ஏன் மூடவில்லை? அதில் மாசு படிந்திருந்தது. குறை இன்னதென்று தெரிந்ததும் அது திருத்தக்கூடியதாயிற்று. 1980 ஜூலை 18 அன்று அதே ஏவுகணை வகை ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது.

நேர்காணலையும் இவ்வாறே ஆராய வேண்டும். ‘சரியாகப் பேசவில்லை’ என்பது ஆராய்ச்சி ஆகாது. எந்தக் கேள்வியில் தடுமாற்றம் தொடங்கியது? அதற்கு முன் என்ன நடந்தது? அதற்குப் பின் வந்த கேள்விகளுக்கும் விடை தெரியாதா, அல்லது தெரிந்தும் மனம் முந்தைய கேள்வியிலேயே நின்றுவிட்டதா? கேட்கப்பட்ட கேள்விகள், சொன்ன விடைகள், சொல்லியிருக்க வேண்டிய விடைகள் ஆகியவற்றை நினைவு மங்குவதற்குள் மூன்று பத்திகளாக எழுதிவைப்பது நல்லது.

செயல் ஒன்றைத் தொடங்கும்முன் பொருள், கருவி, காலம், வினை, இடம் ஆகிய ஐந்தையும் ஐயமற எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வினைசெயல்வகை என்னும் 68-ஆம் அதிகாரம் கூறுகிறது. செய்து முடித்த செயலை ஆராயவும் இந்த ஐந்து போதுமானவை.

பொருள்: பாட அறிவு போதுமானதாக இருந்ததா? தான் நிரப்பிக் கொடுத்த விவரப் படிவத்தில் உள்ளவற்றையேனும் முழுமையாக அறிந்திருந்தாரா? நேர்காணல்களில் மிகுதியான கேள்விகள் அந்தப் படிவத்திலிருந்தே எழுகின்றன. பொழுதுபோக்கு என்ற இடத்தில் சதுரங்கம் என்று எழுதியவர், அதைப் பற்றி நான்கு வாக்கியங்கள் பேச இயலாவிட்டால் குறை சதுரங்கத்தில் இல்லை.

கருவி: மொழி, குரல், உடல்நலம், சான்றிதழ்கள். அறிந்ததை ஆங்கிலத்திலோ இந்தியிலோ சொல்ல வராததால் தோற்றவருக்கு வேண்டியது மொழிப் பயிற்சி; பாட நூலை மீண்டும் ஐந்து முறை படித்துப் பயனில்லை.

காலம்: இரவுப் பயணம் செய்து, உறங்காமல், அவசரமாக உள்ளே நுழைந்தாரா? இதைவிடப் பெரிய கால ஆராய்ச்சியும் உண்டு. விமானப் படையின் பொது நுழைவுத் தேர்வில் பறக்கும் பிரிவுக்கு 20 முதல் 24 வயது வரையும், தரைப் பணிகளுக்கு 20 முதல் 26 வயது வரையும் வரம்பாக வைக்கப்பட்டுள்ளது. இத்தனை முயற்சிகள் மீதமுள்ளன என்று கணக்கிட்டு, உடன் வேறு ஒரு வழியையும் வைத்துக்கொள்வது நம்பிக்கையின்மை ஆகாது, அது பொறுப்பு.

வினை: அங்கு அவர் உண்மையில் என்ன செய்தார்? கேள்வி முடியும்முன் பேசினாரா? பிறரைப் பேசவிடாது தடுத்தாரா? தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டினாரா?

இடம்: அந்த நிறுவனத்தைப் பற்றி, அந்தப் பணியைப் பற்றி என்ன அறிந்திருந்தார்? அந்தப் பணி அவருக்கு ஏற்றதுதானா?

ஐந்தையும் எழுதிய பிறகு பெரும்பாலும் ஒன்றிரண்டு இடங்களில்தான் பெரிய குறை தெரியவரும். அதுவே மூடாத வால்வு. இவை அனைத்தும் சரியாக இருந்தும் தோல்வி நேர்ந்திருக்கக்கூடும். இடங்கள் எட்டே இருந்திருக்கலாம். அப்போது திருத்துவதற்கு ஏதுமில்லை; மீண்டும் செல்வதே செய்யத்தக்கது.

அவையஞ்சாமை

அவையின் முன் அஞ்சுபவர் கற்ற கல்வி, போர்க்களத்தில் நடுங்குபவர் கையிலுள்ள கூர்வாளைப் போன்றது என்கிறார் வள்ளுவர். வாள் நல்லதுதான், கை எழவில்லை. ஆனால் அவர் நோயைச் சொல்லி நிறுத்தவில்லை, மருந்தையும் சொல்கிறார். அவையில் அஞ்சாமல் விடை கூறுவதற்காகவே, முறையறிந்து அளவறிந்து நூல்களைக் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. அதாவது அச்சமின்மை தனியாக வரவழைக்கும் மனநிலையன்று. விடை சொல்வதை நோக்கமாகக் கொண்டு கற்பதால் விளையும் பயன். படித்தலும் விடை சொல்லலும் இருவேறு பயிற்சிகள். புத்தகத்தின் முன் பத்து மணி நேரம் அமர்ந்தவர், மனிதர் ஒருவரின் முன் பத்து நிமிடம் பேசிப் பார்க்கவில்லை என்றால் பாதித் தயாரிப்பே முடிந்தது.

எனவே அடுத்த நேர்காணலுக்குத் தயாராகுபவர் நாள்தோறும் ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி மூன்று நிமிடம் எழுந்து நின்று உரக்கப் பேச வேண்டும். வாரத்திற்கு ஒருமுறையேனும் ஆசிரியரையோ, ஓய்வுபெற்ற அதிகாரியையோ, பணியிலுள்ள உறவினரையோ எதிரில் அமரவைத்துக் கேள்வி கேட்கச் செய்ய வேண்டும். கேட்பவர் சற்றுக் கடுமையானவராக இருத்தல் நலம். படைத் தேர்வின் நேர்காணலில் படிப்பு, குடும்பம், நண்பர்கள், விளையாட்டு என்று பல கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டு, வரிசையாக விடை சொல்லச் சொல்வதும் உண்டு. இதில் சோதிக்கப்படுவது கவனத்துடன் செவிமடுத்தல். கேள்வியை முழுமையாகக் கேட்டு, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேசத் தொடங்கும் பழக்கம் எந்த நேர்காணலிலும் கைகொடுக்கும். விடை தெரியாதபோது ‘ஐயா, இது எனக்குத் தெரியவில்லை’ என்று தெளிவாகச் சொல்லும் பயிற்சியும் வேண்டும். இதைச் சொல்லத் தெரிந்தவர் அடுத்த கேள்விக்கு முழு மனத்துடன் வந்து சேர்கிறார்.

திக்குவாய் முதலிய பேச்சுத் தடைகளால் நேர்காணல்களில் பின்தங்குபவர்களும் உள்ளனர். அதை மனவுறுதியின்மை என்று எவரும் பழிக்கலாகாது. 1965-ஆம் ஆண்டு மைசூருவில் தொடங்கப்பெற்ற அகில இந்திய பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இத்தகைய குறைகளை ஆராய்ந்து பயிற்சியளிப்பதற்காகவே இயங்கி வருகிறது. அத்தகைய பயிற்சியாளர்கள் இன்று பல நகரங்களில் உள்ளனர். கருவியில் குறை இருந்தால் கருவியைச் செப்பனிட வேண்டும்; கர்த்தாவை வைவதால் பயன் இல்லை.

பிறர் கண் காண்பது

தோல்வியில் ஆழ்ந்திருப்பவர் தம் தகுதிக்குத் தாமே நீதிபதியாக அமர்வது ஆபத்தானது. மைசூருவில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் முதல் நாவல் பல பதிப்பகங்களால் திருப்பி அனுப்பப்பட்டது. மனம் சலித்த அவர், கைப்பிரதியைக் கல்லில் கட்டித் தேம்ஸ் நதியில் எறிந்துவிடும்படி ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த தம் நண்பருக்கு எழுதினார். நண்பர் அவ்வாறு செய்யாமல் அதை எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொடுத்தார். கிரீனின் பரிந்துரையால் 1935-ஆம் ஆண்டு ‘சுவாமியும் நண்பர்களும்’ நூலாக வெளிவந்தது. நதியில் எறியச் சொன்ன நாளிலும், நூலாக வெளிவந்த நாளிலும் அந்தக் கதை ஒன்றுதான். சோர்வின் பிடியில் இருந்த அதன் ஆசிரியரால் அதன் மதிப்பைக் காண முடியவில்லை, நண்பரால் முடிந்தது.

குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் இதில் பெரிய கடமை இருக்கிறது. ‘பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கிடைத்துவிட்டதே’ என்னும் ஒரு சொல், வாரியம் செய்யாத கொடுமையைச் செய்துவிடும். ‘கவலைப்படாதே, எல்லாம் நன்மைக்கே’ என்று உடனே சொல்லி முடிப்பதும் உதவாது. அது பேச வந்தவரின் வாயை அடைக்கிறது. முதலில் கேட்க வேண்டும். பிறகு, கேட்டால் மட்டும் கருத்துச் சொல்ல வேண்டும். அடுத்த பயணத்திற்கான செலவைப் பற்றி முகம் சுளிக்காமல் வெளிப்படையாகப் பேசி, எத்தனை முயற்சிகள் இயலும் என்று சேர்ந்து முடிவு செய்வது, மகனுக்கோ மகளுக்கோ செய்யும் பேருதவி.

அடுத்த அழைப்பு

1962-ஆம் ஆண்டு கலாமுக்கு மற்றொரு நேர்காணல் வந்தது. இந்திய விண்வெளி ஆராய்ச்சிக் குழுவில் ஏவுகணைப் பொறியாளர் பதவிக்காக மும்பையில் நடந்தது அது. டாக்டர் விக்ரம் சாராபாய், பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் முதலியோர் அமர்ந்திருந்தனர். என்ன கேட்பார்கள் என்று கலாமுக்குத் தெரியவில்லை. படித்துக்கொள்ளக் காலமும் இருக்கவில்லை. வென்றே தீர வேண்டும் என்னும் பரபரப்பை விட்டுவிட்டு அமைதியாகச் சென்றதாக அவர் குறிப்பிடுகிறார். தமக்கு என்ன தெரியும் என்பதைவிடத் தம்மால் என்னவாக ஆக முடியும் என்பதையே சாராபாய் தேடியதாகவும் அவர் உணர்ந்தார். மறுநாளே தேர்வு பெற்ற செய்தி வந்தது.

படிக்கக் காலம் இல்லாமலே வென்றார் என்று இதைப் புரிந்துகொள்வது தவறு. டேராடூனுக்கும் மும்பைக்கும் இடையிலிருந்த ஆண்டுகளில் அவர் கான்பூரில் விமானப் பராமரிப்பைக் கற்றார். பெங்களூருவில் சிறிய குழுவுடன் ‘நந்தி’ என்னும் காற்று மெத்தை ஊர்தியை உருவாக்கினார். பின்னர் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பேராசிரியர் மேனன் அந்த ஊர்தியை நேரில் வந்து பார்த்திருந்தார். நேர்காணல் அறைக்குள் கலாம் நுழையும்முன்பே அவரது உழைப்பு அங்கே அறிமுகமாகியிருந்தது. அடுத்த நேர்காணலுக்கான மிகச் சிறந்த தயாரிப்பு, இடைப்பட்ட காலத்தில் கையில் உள்ள சிறிய பணியைச் சிரத்தையுடன் செய்வதே. வேலை கிடைக்காத காலத்திலும் ஒரு மாணவனுக்குப் பாடம் சொல்லலாம். ஒரு தொழில்நுட்பத்தைக் கற்கலாம். தந்தையின் கடையில் கணக்கெழுதலாம். ‘இந்த ஓராண்டில் என்ன செய்தாய்?’ என்ற கேள்விக்கு ‘காத்திருந்தேன்’ என்பதைவிட இவை மேலான விடைகள்.

விமானப் படை அதிகாரியாகும் கனவு கலாமுக்கு நிறைவேறவேயில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை. மீண்டும் முயன்றால் கேட்டதே கிடைக்கும் என்று எந்தச் சாத்திரமும் உறுதி கூறவில்லை. விமானியாக விரும்புவோருக்கான தனிச் சோதனையில் ஒருமுறை தவறியவர் மறுமுறை அதை எழுதவே இயலாது என்பது இன்றும் உள்ள விதி. ஆனால் விருப்பத்தினுள் ஒரு கரு இருக்கிறது. பறக்க வேண்டும் என்ற கலாமின் விருப்பத்தின் கரு, வானத்தின்மீது அவர் கொண்ட ஈடுபாடு. பதவி மறுக்கப்பட்டது, ஈடுபாடு மறுக்கப்படவில்லை. 2006 ஜூன் 8 அன்று, குடியரசுத் தலைவராக இருந்த அவர் தம் 74-ஆம் வயதில் புனே விமானப் படைத் தளத்திலிருந்து சுகோய்-30 போர் விமானத்தில் பறந்தார். குடியரசுத் தலைவர்களுள் போர் விமானத்தில் பறந்த முதலாமவர் அவரே.

எல்லோருக்கும் அத்தகைய நாள் வாய்க்கும் என்பதில்லை. ஆனால், ‘இந்தப் பதவியை நான் ஏன் விரும்பினேன்? அதில் எந்தப் பகுதி என்னை ஈர்த்தது? அந்தப் பகுதி வேறு எந்தப் பணிகளில் இருக்கிறது?’ என்று எழுதிப் பார்ப்பது எல்லோருக்கும் இயலும். அவ்வாறு எழுதியவருக்கு அடுத்த விண்ணப்பம் எங்கே அனுப்பப்பட வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும். அதே வாரியத்திற்கு மீண்டும் செல்வதாக அவர் முடிவு செய்யலாம். வேறு வழியைத் தேரலாம். எதைத் தேர்ந்தாலும், எண் வாசிக்கப்படாத அந்த நாளின் கசப்பைப் பெட்டியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு, திருத்திய வால்வுடன் அவர் புறப்படட்டும்.